கமலவேணி டீச்சர் மாற்றச் சொன்ன முகவரிக் கட்டம்

"என்ன டீச்சர், ரெண்டும் வீடு வீடாப் போய்க் கேள்வி கேக்கிற வேலைதானே? பிறகேன் ரெண்டு பெயர்?"

ஹட்டன் பஸ் நிலையத்துக்கு எதிரேயுள்ள தேநீர்க் கடையில் ஒருநாள் கமலவேணி டீச்சரிடம் இப்படிக் கேட்டேன். அவர் அப்போது பாடசாலையை விட்டுவிட்டு, கொழும்பு நிறுவனமொன்றுக்காகத் தேயிலைத் தோட்டங்களில் ஆய்வு வேலை செய்துகொண்டிருந்தார். முன்பெல்லாம் அந்த வேலைக்குச் சந்தை ஆய்வு என்று பெயர். புதிதாக, ஒரு பொருளை வாங்கியவர் அதை எப்படிப் பாவிக்கிறார் என்று பார்க்கும் பாவனையாளர் அனுபவ ஆய்வு என்றொன்றும் அதோடு சேர்ந்திருந்தது.

"சேர், நீங்க கணக்குப் படிச்சுக் குடுத்தவர்தானே? பிள்ளைகிட்ட கணக்குப் பிடிக்குமான்னு கேக்குறதும், ஒரு கணக்கக் குடுத்து செய்யச் சொல்லிட்டுப் பக்கத்துல நின்னு பாக்குறதும் ஒண்ணா?" என்று திருப்பிக் கேட்டார்.

போன மாதம் ஒரு மழைக் காலையில், அவரோடு களத்தில் வேலை செய்த பெண் தொலைபேசியில் அழைத்து, "டீச்சர் போயிட்டாங்க சேர்" என்றார். சில மாதங்களாக நோயில் இருந்தார் என்பது தெரியும். தெரிந்திருந்தும் அந்தச் செய்திக்கு நான் தயாராக இருக்கவில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து ஆசிரியராக வந்து இங்கேயே தங்கிவிட்ட எனக்கு, ஆசிரியர் அறையில் பக்கத்து நாற்காலிக்காரராகத் தொடங்கிய நட்பு அது.

செத்த வீட்டில் கொழும்பு நிறுவனத்தின் சார்பில் ஒருவர் மலர்வளையம் வைத்துப் பேசினார். மக்களிடம் கேள்வி கேட்பதில் டீச்சருக்கு நிகர் இல்லை என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். எனக்கு எரிச்சலாக இருந்தது. கேட்டது போதும், கொஞ்சம் பார்க்க விடுங்கள் என்றுதான் அந்த மனுஷி கடைசிவரை அவர்களோடு மல்லுக்கு நின்றார். அவரை அறிந்த உங்களிடமாவது அதைச் சரியாகச் சொல்லிவைக்க வேண்டும்.

சந்தை ஆய்வை அவர் மட்டமாக நினைத்ததில்லை. நான் ஒருமுறை கிண்டலாகப் பேசியபோது, "கொறச்சுச் சொல்லாதீங்க சேர். சனத்துக்கு என்ன வேணும், எவ்வளவு குடுத்து வாங்குவாங்கன்னு யாராவது கேட்டாத்தான் கடையில சாமான் வரும்" என்று கண்டித்தார். அதன்பின் ஒரு மழைச்சட்டையின் கதையைச் சொன்னார். கொழுந்து பறிக்கும் பெண்களுக்கென்று ஒரு நிறுவனம் அதைச் செய்ய நினைத்தது. என்ன நிறம், என்ன விலை என்று டீச்சர்தான் கேட்டு எழுதினார். எல்லாரும் வாங்குவோம் என்றார்கள், வாங்கவும் செய்தார்கள். ஆனால் மலையில் அதைப் போட்டுப் பார்த்தபோது, கூடைக் கயிறு தலையில் இருந்ததால் சட்டையின் தொப்பியைப் போட முடியவில்லை. தொப்பியைப் பின்னால் தொங்கவிட்டு நனைந்துகொண்டே பறித்தார்கள். "பிடிச்சிருக்கான்னு கேட்டேன். போட்டுக் காட்டுங்கன்னு சொல்லல. சொல்ல எனக்கு அனுமதியும் இல்ல" என்றார். இரண்டு ஆய்வுக்கும் உள்ள வித்தியாசம் எனக்கு அன்றைக்கு விளங்கியது.

அவரை உண்மையில் வாட்டியது நம்பர் விஷயம். நகரத்து மருத்துவ நிலையத்தில் விசேட வைத்தியரைப் பார்க்க, தோட்டத்திலிருந்து ஒருவர் முதல் பஸ்ஸில் போய் வரிசையில் நின்று நம்பர் எடுக்க வேண்டும். அன்றைய கூலி போய்விடும். கைத்தொலைபேசியிலேயே நம்பர் போட ஒரு செயலி செய்தது ஒரு நிறுவனம். தோட்டங்களில் இதற்கு விருப்பம் இருக்கிறதா என்று டீச்சரின் குழு கேட்டு வந்தது. ஏறக்குறைய எல்லோரும் வேண்டும் என்றார்கள். செயலி தயாரானதும், வெளியிடுவதற்கு முன் சில வீடுகளிலாவது உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று டீச்சர் பிடிவாதம் பிடித்தார். அப்படி லிந்துலைப் பக்கம், ஒரே கூரையின் கீழ் காம்பரா என்கிற ஒற்றை அறை வீடுகள் வரிசையாக உள்ள ஒரு லயத்துக்குப் போனபோது நானும் கூடப் போனேன்.

சுகந்தி என்ற பெண்ணின் மாமியாருக்கு இருதய நோய். "அத்தைக்கு ஒரு நம்பர் போடுங்க. நாங்க பேச மாட்டோம்" என்று டீச்சர் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். பெயர், தொலைபேசி இலக்கம் எல்லாம் சுகந்தி விறுவிறுவென்று போட்டாள். அடுத்து, செயலி வீட்டு இலக்கமும் வீதியும் கேட்டது. அவள் கை நின்றது.

"லயத்துக்கு வீதி ஏதுங்க டீச்சர்?"

டீச்சர் வாய் திறக்கவில்லை. வாசலில் நின்ற பக்கத்துக் காம்பரா செல்லம்மாதான் பேசினார். "எம் பேரப் போடுடி. செல்லம்மா வீதின்னு. அப்பயாச்சும் ரோட்டுக்குத் தார் போடுவானுங்களான்னு பாப்பம்."

எல்லோரும் சிரித்தோம். சுகந்தி மட்டும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பொறுக்கவில்லை, கையை நீட்டினேன். டீச்சர் என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தார். "பரீட்சை மண்டபத்துல இப்படித்தான் விடை சொல்லிக் குடுத்தீங்களா சேர்?" என்று காதுக்குள் கேட்டார்.

கடைசியில் சுகந்தி, தன் கடிதங்கள் வருகிற முகவரியைப் போட்டாள். அது தோட்ட அலுவலகத்தின் முகவரி. லயத்தில் எல்லாருக்கும் அதுதான். செயலி ஏற்றுக்கொண்டது, நம்பரும் கிடைத்தது. அதைப் பார்த்த செல்லம்மா, தன் தொலைபேசியில் தனக்கும் ஒன்று போட உட்கார்ந்தார். அதே முகவரியைப் போட்டார். இந்த முகவரி ஏற்கெனவே பதிவாகியுள்ளது என்று சிவப்பு எழுத்தில் வந்தது. ஒரு முகவரி என்றால் ஒரு குடும்பம் என்று கொழும்பில் யாரோ தீர்மானித்திருந்தார்கள். ஒரு தோட்டத்தில் முதலில் பதிகிற குடும்பம் உள்ளே போகும், மற்ற அத்தனை குடும்பமும் வெளியே நிற்கும்.

செல்லம்மா தொலைபேசியை மடியில் வைத்துக்கொண்டு, "நல்லாத்தான் இருக்குங்க டீச்சர். எங்களுக்குத்தான் வெளங்கல" என்றார். எங்களுக்குத் தேநீரும் தந்தார்.

திரும்பி இறங்கும்போது டீச்சர் கொதித்துக்கொண்டிருந்தார். "கேட்டீங்கல்ல சேர்? மழையில நனஞ்சு வீட்டுக்கு வந்தவகிட்ட, நீ கொண்டாந்தது சரியில்லன்னு இங்க யாரு சொல்லுவாங்க? இப்ப நான் எப்படி இருந்துச்சுன்னு கேட்டா, நல்லாருக்குன்னுதான் அறிக்கையில விழும்."

பாதையோரத்தில் நின்றே செயலி நிறுவனத்தின் அதிகாரிக்குத் தொலைபேசி எடுத்து, அந்த முகவரிக் கட்டத்தை மாற்றச் சொன்னார். ஒலிபெருக்கியில் எனக்கும் கேட்டது.

"தோட்ட மக்கள் வேண்டும் என்று சொன்னதாக நீங்கள்தானே எழுதித் தந்தீர்கள்? இப்போது நீங்களே மறுக்கிறீர்களா?"

"மறுக்கலங்க. அன்னைக்கு வேணும்னாங்க, இன்னைக்கும் வேணும். உள்ள போக முடியல, அவ்வளவுதான்."

"எத்தனை வீடு பார்த்தீர்கள்?"

"ஏழெட்டு."

"அதை வைத்து மாற்ற முடியுமா?"

"கதவு பூட்டியிருக்குன்னு தெரிய எத்தன பேருங்க தள்ளிப் பாக்கணும்?" என்றவர், குரலைத் தணித்துக்கொண்டு சொன்னார்: "எத்தன தோட்டத்துல இப்படின்னு தெரியணும்னா சொல்லுங்க, ஊர் ஊராப் போய்க் கேட்டுத் தர்றேன். அது சந்தை ஆய்வு. எதக் கேக்கணும்னு இப்பத்தான் நமக்குத் தெரிஞ்சிருக்கு."

இரண்டு வேலையும் ஒன்றையொன்று எப்படித் தாங்குகிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் என்னிடம் இல்லை. யாரிடம் தொலைபேசி இருக்கிறது, எந்த வீட்டில் நோயாளி இருக்கிறார் என்று முதல் ஆய்வு காட்டியதால்தான் சுகந்தியின் வீட்டுக்குப் போனோம். அங்கே கண்டது எவ்வளவு பெரிய பிரச்சினை என்று அறிய மறுபடியும் கேட்கத்தான் வேண்டும். ஒன்று செய்தாகிவிட்டது, மற்றது எதற்கு என்று நினைப்பவர்களுக்கு இதை எத்தனை முறை சொல்வது?

யோசிப்போம் என்றார் அதிகாரி. யோசித்ததாகத் தெரியவில்லை. செயலி அப்படியே வந்தது. சில மாதம் கழித்து, தோட்டப் பகுதி மக்களுக்கு ஆர்வம் இல்லை என்று சொல்லி இங்கே சேவையை நிறுத்தினார்கள். டீச்சர் அப்போது ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தார். நான்தான் போய்ச் சொன்னேன்.

"ஆர்வம் இல்லன்னா எழுதிட்டாங்க?" என்று கேட்டார். பிறகு, "முடியலன்னு எழுதியிருந்தா அடுத்து வர்றவன் சரிபண்ணப் பாப்பான். ஆர்வம் இல்லன்னு எழுதிட்டா எவனும் இந்தப் பக்கம் வரமாட்டானே சேர்" என்றார். அந்த ஒரு வாக்கியத்தையாவது மாற்றச் சொல்லி, கட்டிலில் இருந்தபடியே மூன்று நான்கு பேருடன் பேசினார். யாரும் மாற்றவில்லை. சுகந்தி இன்றைக்கும் முதல் பஸ்ஸில்தான் போகிறாள்.

டீச்சரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்தக் கோபத்தைத்தான். எனக்குத்தான் விளங்கவில்லை என்று யாராவது சொன்னால் இப்போதெல்லாம் நான் ஒப்புக்கொள்வதில்லை. விளங்காதபடி செய்தவர் யார் என்று பார்க்கத் தோன்றுகிறது.

அவருக்காக ஏதாவது செய்ய விரும்பினால், இன்று உங்கள் வீட்டில் ஒருவரிடம் உங்கள் தொலைபேசியைக் கொடுத்து, மின்கட்டணம் கட்டச் சொல்லிவிட்டு, அவர் முடிக்கும்வரை வாய் திறக்காமல் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள்.