கோமதி மேடத்தின் ஞாயிற்றுக்கிழமை ஜன்னல்

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். கோமதி மேடம் இறந்துபோன செய்தி வந்தபோது நான் டெல்லி ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் என் மளிகைக் கடையில், மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு, அவர்களைப் போலவே பேசி ஒரு வாடிக்கையாளருக்கு நடித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். செல்போன் அடித்தது. என் மனைவி வடிவு.

"மேடம் போயிட்டாங்க" என்றாள்.

நான் அதே குரலில், "எங்க போனாலும் ரெண்டு ஜெராக்ஸ் எடுத்துட்டுப் போகச் சொல்லு" என்றேன்.

அந்தப் பக்கம் அழுகை கேட்டது. காலையில் மார்வலி என்றும், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது என்றும் சொன்னாள். நான் கண்ணாடியைக் கழற்றிக் கல்லாப்பெட்டி மேல் வைத்தேன். அதற்கப்புறம் அன்று நான் யாரையும் கேலி செய்யவில்லை. கடைப் பையன்கள் எனக்கு உடம்பு சரியில்லை என்று நினைத்துக்கொண்டார்கள்.

என் மகளுக்குத் தமிழ் பேச வரும், எழுத வராது. டெல்லியில் பிறந்த பிள்ளை. வடிவுக்கு எழுத உட்கார்ந்தாலே அழுகை வருகிறது. அதனால் ஐந்தாம் வகுப்போடு நின்ற நானே இதை எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவர்களை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கோமதி மேடம் அம்பாசமுத்திரம் பக்கத்துக்காரர்கள். இங்கே அரசாங்க ஆபீஸில் கிளார்க். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நாற்பது வயதில் மாலைக் கல்லூரியில் சேர்ந்து வக்கீல் படிப்பை முடித்தார்கள். ஆனால் கறுப்புக் கோட்டு போடவில்லை. கரோல் பாக்கில் மொட்டைமாடி அறை ஒன்றில் குடியிருந்துகொண்டு, வயசான பிறகு சட்டம் படிக்க ஆசைப்பட்டவர்களை ஞாயிறுதோறும் நுழைவுத் தேர்வுக்குத் தயார் செய்தார்கள். பஸ் கண்டக்டர், நர்ஸ், ரிட்டயரான ஹவில்தார் என்று வந்தவர்கள் எல்லோருக்கும் தலை நரைக்கத் தொடங்கியிருக்கும்.

"சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க ஊரு பூரா கோச்சிங் இருக்கு அண்ணாச்சி. இவங்களை யாரு சேத்துக்கிடுவா?" என்பார்கள்.

வடிவு அங்கே போனது தொண்ணூறுகளின் கடைசியில். அப்போது அவள் ஜங்க்புராவில் மதராசி கேம்ப் என்கிற தமிழர் குடிசைப் பகுதிப் பக்கம் குழந்தைகள் காப்பகத்தில் வேலை பார்த்தாள். கேம்ப்பில் இருந்த நம் பெண்கள் கோர்ட்டு நோட்டீஸ், போலீஸ் காகிதம் எது வந்தாலும் இவளிடம் நீட்டுவார்கள். இவள் படித்துச் சொல்வாள். ஒருநாள் ஒருத்தி கேட்டிருக்கிறாள், "படிச்சுச் சொல்லிட்டக்கா, சரி. இப்ப நான் என்ன செய்யணும்?" இவளுக்குப் பதில் தெரியவில்லை. அன்றைக்குப் பிடித்தது வக்கீல் பைத்தியம்.

ப்ளஸ் டூ முடித்ததும் எனக்குக் கழுத்தை நீட்டியவள். பன்னிரண்டு வருடம் கழித்துத் தபாலில் பி.ஏ. படித்தாள். சட்ட நுழைவுத் தேர்வில் இரண்டு தடவை தோற்றாள். வயது முப்பத்தைந்து. அடுத்த வருடத்திலிருந்து முப்பத்தைந்துக்கு மேல் சேர்க்க மாட்டார்கள் என்று பேச்சு அடிபட்டது. ஆக, மூன்றாவது தடவைதான் கடைசித் தடவை. எங்கள் வீட்டில் அந்த ஆறு மாதம் சாம்பாரில் ஒருநாள் உப்பு இருக்காது, ஒருநாள் உப்பு மட்டும்தான் இருக்கும். நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் அவள் அழுதுவிடுவாளோ என்று பயம்.

மேடத்தின் வகுப்பில் பாதி நேரம் கேள்வி பதில். மீதி நேரம் ஜன்னல். மேடம் சமையலறைக்குள் உட்கார்ந்து ஜன்னல் கம்பி வழியாகப் பார்ப்பார்கள். வெளியே மொட்டைமாடி வெயிலில் எல்லோரும் ஃபைலோடு வரிசையில் நிற்க வேண்டும். உள்ளே இருப்பது கல்லூரி குமாஸ்தா என்று வைத்துக்கொள்ள வேண்டும். "போட்டோ சோட்டா ஹை", "யே நஹீ சலேகா" என்று, போட்டோ சின்னது, இது செல்லாது என இந்தியில் விரட்டுவார்கள். நிஜமான குமாஸ்தா தோற்றுப்போவார்.

வடிவின் முறை வந்தது.

"பாரா சால் க்யா கியா? பன்னிரண்டு வருஷம் என்ன செஞ்சீங்க?"

"ஒண்ணும் செய்யல மேடம். வீட்டுல சும்மாத்தான் இருந்தேன்."

மேடம் ஜன்னலைச் சாத்திவிட்டார்கள். அடுத்த ஞாயிறும் அதே கேள்வி, அதே பதில், அதே சாத்தல். படிப்பு நின்றுபோன வருடங்களில் என்ன செய்தோம் என்று முத்திரைத்தாளில் சத்தியம் செய்து கொடுக்க வேண்டும், அதற்குக் கேப் அஃபிடவிட் என்று பெயர். அதில் 'சும்மா' என்று எழுதுகிறவர்களை மேடம் விடவே மாட்டார்கள்.

நான்காவது வாரம் வடிவு கொஞ்சம் கோபத்தோடு சொன்னாள். "ரெண்டு பிள்ளை பெத்தேன். மாமியார் பக்கவாதத்துல கிடந்தாங்க, அஞ்சு வருஷம் தூக்கி உக்கார வச்சேன். நாப்பது வீட்டுக்கு இட்லி மாவு அரைச்சுப் போட்டேன். பிள்ளைங்க புத்தகத்தை வச்சு இந்தி படிச்சேன்."

துணைக்குப் போயிருந்த நான், "என்னைக் கட்டி மேய்ச்சதையும் போடுங்க மேடம்" என்றேன்.

"அதுக்குத் தனியா ஒரு அஃபிடவிட் வேணும் அண்ணாச்சி" என்று சொல்லிக்கொண்டே எழுதினார்கள். ஜன்னல் திறந்தே இருந்தது.

தேர்வில் வடிவு தேறிவிட்டாள். இனி காகிதங்களைக் கொடுத்துச் சேர வேண்டியதுதான். கடைசி நாள், பகல் ஒரு மணிக்கு ஜன்னல் மூடிவிடும். அதற்கு முந்தின நாள் அவளுக்குக் காப்பகத்தில் லீவு கிடைக்கவில்லை. "நான் எதுக்கு இருக்கேன்?" என்று சொல்லிவிட்டு, மேடம் இங்கிலீஷில் எழுதிக்கொடுத்த அஃபிடவிட் காகிதத்தோடு கோர்ட்டு வாசலுக்கு நான் போனேன். மரத்தடியில் டைப் அடிக்கிறவர், "கிஸ்கா நாம்?" யார் பெயருக்கு என்று கேட்டார். என் பெயரைச் சொன்னேன். கையெழுத்து போடு என்றார், போட்டேன். ரேஷன் கார்டு, கேஸ் சிலிண்டர், பள்ளிக்கூட விண்ணப்பம் என்று எங்கள் வீட்டுக் காகிதம் எதுவானாலும் கையெழுத்து என்னுடையதுதானே! கொண்டுவந்து ஃபைலில் சொருகினேன். வடிவு மனப்பாடமாக வைத்திருந்த விஷயம், அவளும் திறந்து பார்க்கவில்லை.

மறுநாள் பதினொரு மணிக்குக் குமாஸ்தா அதை எடுத்து, வரிசைக்கே கேட்கும்படி இந்தியில் படித்தார். மளிகை வியாபாரி சுப்பையாவாகிய நான் இரண்டு குழந்தைகளைப் பெற்றேன். என் மாமியாரைப் பராமரித்தேன். வரிசை சிரித்தது. நானும் சிரித்தேன். அப்புறம்தான் வடிவின் முகத்தைப் பார்த்தேன். அவள் உதட்டில் ரத்தமே இல்லை.

குமாஸ்தா ஃபைலை வெளியே தள்ளினார்.

மேடம் பின்னாலேயே நின்றிருந்தார்கள். ஒவ்வொருவர் சேரும் நாளிலும் அரைநாள் லீவு போட்டு, பசை, ஸ்டேப்ளர், உபரி போட்டோக்களோடு வந்து நிற்பது அவர்கள் வழக்கம். திட்டப்போகிறார்கள் என்று நினைத்தேன். திட்டவில்லை.

"வடிவு, ஆட்டோ பிடி. ஜல்தி. அண்ணாச்சி, நீங்க இந்த வரிசையை விட்டு நகரக் கூடாது. எங்கயும் கையெழுத்து மட்டும் போட்டுராதீய."

வரிசையின் கடைசியில் போய் இரண்டு மணி நேரம் நான் நின்றேன். முன்னால் ஆள் குறையக் குறைய எனக்கு வியர்த்தது. என் முறை வந்துவிட்டால் என்ன செய்வது? பின்னால் நின்றவர்களை ஒவ்வொருவராக முன்னே போகச் சொன்னேன். பன்னிரண்டே முக்காலுக்கு வரிசையில் நான் மட்டும்தான். குமாஸ்தா பேனாவை மூடினார். அவரிடம் பேச்சுக் கொடுத்தேன். அவருடைய ஊர், பிள்ளைகள், வாயுத் தொல்லை எல்லாம் விசாரித்தேன். பெருங்காயம் மோரில் கலந்து குடிக்கச் சொன்னேன். என் கை ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்தது. அவர் மூடுவதாக இருந்தால் என் விரல்களையும் சேர்த்துத்தான் மூட வேண்டும்.

ஒரு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் இருவரும் ஓடிவந்தார்கள். மேடத்தின் ஒரு செருப்பு அறுந்து கையில் இருந்தது. வடிவு பெயரில் அடித்த புதுக் காகிதத்தைக் குமாஸ்தா படித்தார்.

"இத்னா சப் ஆப் நே கியா?" இவ்வளவும் நீங்களா செய்தீர்கள் என்று கேட்டார்.

"ஜி" என்றாள் வடிவு. "மைனே கியா."

முத்திரை விழுந்தது.

மேடம் அப்படியே படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார்கள். அவ்வளவு நேரமும் அவர்களும் பயந்துகொண்டுதான் இருந்திருக்கிறார்கள் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

"நான் முதல் தடவை போனப்ப 'வீட்டில் சும்மா இருந்தேன்'னுதான் எழுதிக் கொடுத்தேன் அண்ணாச்சி. இது செல்லாதுன்னுட்டான். அந்த வருஷம் போச்சு. எங்கப்பா படுக்கையில கிடந்தாங்க. ஆறு வருஷம் மூத்திரப் பை மாத்தினேன். அதை எழுதணும்னே தோணல."

எனக்குக் கேலி செய்ய வரவில்லை. செருப்பை வாங்கித் தைக்கக் கொண்டுபோனேன்.

வடிவு வக்கீலாகிச் சில வருடங்கள் ஆகின்றன. கேம்ப்பிலிருந்து இப்போதும் காகிதங்கள் வருகின்றன. மேடம் போன ஞாயிறு வரை வகுப்பு நடத்தினார்கள்.

தகனம் மறுநாள் மதியம், மின்சாரச் சுடுகாட்டில். ஊரிலிருந்து மேடத்தின் தம்பி வந்திருந்தார். அவர்களிடம் படித்தவர்கள் முப்பது நாற்பது பேர் வந்திருந்தார்கள். யாரும் சொல்லாமலே வரிசையாக நின்றோம். வடிவுக்குக் காலையில் வரவேண்டிய கேஸை ஜட்ஜ் சாப்பாட்டுக்குப் பிறகு என்று ஒத்திப்போட்டிருந்தார். அவள் கறுப்புக் கோட்டோடு நேராக வந்துவிட்டாள். பொம்பளைகள் இங்கே வரலாமா என்று யாரோ முனகினார்கள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

நான் பூ வைத்துக் கும்பிட்டேன். "மேடம், பதறாமப் போயிட்டு வாங்க" என்று மனதுக்குள் சொன்னேன்.

எனக்கு அடுத்து வடிவு குனிந்து பூ வைத்தாள். வக்கீல்கள் கழுத்தில் கட்டும் வெள்ளைப் பட்டை அவிழ்ந்து மேடத்தின் நெஞ்சு மேல் விழுந்தது. அவள் நிமிர்வதற்குள் சுடுகாட்டு ஆள் பொத்தானை அழுத்திவிட்டார். தட்டு உள்ளே போயிற்று. கதவு இறங்கியது. இரண்டு மணிக்கு அவள் பட்டை இல்லாமல் கோர்ட்டில் போய் நின்றாள். பட்டை இல்லாத வக்கீலின் வாதத்தைக் கேட்க முடியாது என்று ஜட்ஜ் சொல்லிவிட்டார். கேஸை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவைத்திருக்கிறார்கள்.