வெள்ளைக்காரன் காலத்து ஒயர் கூடை

ஸ்டெல்லா அக்கா வீட்டில் அந்த ஒயர் கூடையில் இப்போது வெங்காயம் இருக்கிறது. நீலமும் வெள்ளையும் கலந்து அவரே பின்னிய கூடை. ஒரு கைப்பிடி அறுந்துபோய், வேறு ஒயர் கிடைக்காமல் சிவப்பில் முடிச்சுப் போட்டது அப்படியே இருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை சிட்லபாக்கத்தில் அவர் வீட்டுக்குப் போயிருந்தபோது சமையலறை ஆணியில் தொங்குவதைப் பார்த்தேன். உங்களுக்கு அது சாதாரண கூடை. என்னைப் பொறுத்தவரை அது சினிமாவில் நடித்த கூடை.

சிரிக்காதீர்கள், விவரமாகச் சொல்கிறேன்.

அப்போது எனக்குப் பாரிமுனையில் வேலை, வீடு அஸ்தினாபுரம். குரோம்பேட்டையில் ரயில் ஏறுவதுதான் முறை. ஆனால் காலையில் அங்கே வருகிற வண்டியில் ஒற்றைக்கால் வைக்கக்கூட இடம் இருக்காது. அதனால் எதிர்த்திசை வண்டியில் ஏறி தாம்பரம் போய், அங்கிருந்து கிளம்பும் வண்டியில் ஜன்னல் வழியாகக் கைக்குட்டையை எறிந்து இடம் பிடித்து, மறுபடி குரோம்பேட்டை வழியாகவே கடற்கரை ஸ்டேஷனுக்குப் போவேன். முன்னால் போக வேண்டியவன் தினமும் பின்னால் போய்விட்டு வந்தேன் என்றால் என் மனைவி இன்றும் நம்ப மாட்டாள். அப்படிப் பிடித்த இடத்தில்தான் எங்கள் செட்டு சேர்ந்தது.

மேற்குத் தாம்பரம் குமாருக்குப் பாரிமுனையில் ஹார்டுவேர் கடையில் வேலை. உலகத்தில் அவனுக்குத் தெரியாதது கிடையாது, தெரிந்ததில் பாதி தப்பு. ஸ்டெல்லா அக்கா எழும்பூரில் ஒரு ஆபீசில் டைப்பிஸ்ட். பெண்கள் பெட்டியில் ஏறாமல் ஏன் எங்களோடு வருகிறீர்கள் என்று கேட்டால், "அங்க ஃபுல்லா சீரியல் கதைப்பா, எனக்கு ஆகாது" என்பார். கோடம்பாக்கத்தில் இறங்குகிற பாபு எங்களில் சின்னவன். கம்ப்யூட்டரில் ஏதோ கிராபிக்ஸ் வேலை என்பதற்குமேல் நாங்களும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. நாலாவது ஆள் நான்.

வண்டி பல்லாவரம் தாண்டியதும் அக்காவின் ஒயர் கூடை திறக்கும். முறுக்கோ தட்டையோ வரும். அதோடு வாக்குவாதமும் ஆரம்பிக்கும். எங்கள் செட்டில் ஒரு சட்டம் உண்டு. வாதத்தில் தோற்றவர் எழுந்து நிற்கவேண்டும், தன் இடத்தை நிற்கிற யாருக்காவது கொடுத்துவிட்டு, இறங்கும்வரை நின்றுகொண்டே வரவேண்டும். தாம்பரம் வரை பின்னால் போய்ப் பிடித்த இடம் ஐயா அது. அதை விடுவது என்றால் சும்மாவா? அதனால் எங்கள் வாதங்களில் உயிர் இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் சூப்பர் ஹீரோ படத்தின் இரண்டாம் பாகம் வந்தது. முதல் பாகத்தில் வேட்டியோடு பறந்து வில்லனை ஒழித்த அதே ஆள், இதில் காலத்தில் பின்னால் போய்விடுகிறான். உலகப்போர் நடக்கிறது, ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பட்டணமே காலியாகிக்கொண்டிருக்கிறது. மூட்டை முடிச்சோடு ஜனங்கள் ஏறிய தாம்பரம் வண்டிக்கு பிரேக் போய்விட, நம் ஆள் பறந்து வந்து ஒற்றைக் கையால் நிறுத்துகிறான். பாபுதான் எங்கள் எல்லோருக்கும் டிக்கெட் எடுத்து ஞாயிற்றுக்கிழமை தியேட்டருக்குக் கூட்டிப் போனான். என்றைக்கும் அவன் அப்படிச் செய்தவன் இல்லை.

படம் முடிந்து பெயர்கள் ஓடத் தொடங்கியதும் வழக்கம்போல நாங்கள் எழுந்துவிட்டோம். பாபு மட்டும் எழவில்லை. "சார், ரெண்டு நிமிஷம் உக்காருங்களேன்" என்றான். "தோ பாரு, கூட்டம் வர்றதுக்குள்ள வண்டிய வெளிய எட்த்துரணும்பா, அப்பால மாட்டிக்கினு முழிக்கணும்" என்று குமார் கிளம்ப, எல்லோரும் பின்னாலேயே போய்விட்டோம். நம் ஊரில் யார் அதையெல்லாம் உட்கார்ந்து பார்க்கிறார்கள்?

மறுநாள் ரயிலில் படத்தை உரித்தோம். ஒருவன் பறப்பதிலோ, ரயிலைக் கையால் நிறுத்துவதிலோ எங்களுக்கு எந்த ஆட்சேபணையும் இல்லை. அது சூப்பர் ஹீரோ, அப்படித்தான் இருப்பான். சரித்திரம் மட்டும் சரியாக இருக்கவேண்டும். குமார்தான் ஆரம்பித்தான்.

"வெள்ளக்காரன் காலத்துல ஏதுபா கரண்ட் வண்டி? கரி வண்டிதான். இன்னாமோ காதுல பூ சுத்துறான்."

பக்கத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் தலையைத் தூக்காமலே, "தம்பி, இந்த லைன்ல வெள்ளக்காரன் இருக்கறப்பவே கரண்ட் வண்டி ஓடிச்சு. எங்கப்பா அதுலதான் வேலைக்குப் போனாரு" என்றார். முடிந்தது கதை. குமார் எழுந்து நின்றான். பெரியவர் ஏற்கெனவே உட்கார்ந்திருந்ததால் அந்த இடம் வேறு யாருக்கோ போயிற்று.

அடுத்து அக்கா வழக்குத் தொடுத்தார். "எல்லாம் இருக்கட்டும். வண்டி குலுங்கறப்போ ஜன்னலோரம் ஒரு அம்மா மடியில கூடை வச்சிருக்காங்க பாத்தீங்களா? அது ஒயர் கூடைப்பா! பிளாஸ்டிக் ஒயர். அந்தக் காலத்துல ஏது அது? நானே பின்றவ, எனக்குத் தெரியாதா?"

நான் பார்த்திருந்தேன், ஆனால் தோன்றவில்லை. குமார் நின்றபடியே கை தட்டினான். பாபுவின் முகம் மட்டும் ஒரு மாதிரி ஆயிற்று. "பிரம்புக் கூடைக்குப் பெயின்ட் அடிச்சிருக்கலாம்க்கா" என்றான்.

"பெயின்டா? முடிச்சு ஒயர் முடிச்சுப்பா."

"ஒரு செகண்டுதானேக்கா வருது. இருந்துட்டுப் போகட்டுமே."

"அதெப்படி? தப்பு தப்புதான்."

அக்கா வாதி என்பதால் தீர்ப்புச் சொல்லும் பொறுப்பு எனக்கு வந்தது. யோசிக்க என்ன இருக்கிறது, பாபு தோற்றான். எழுந்து கதவருகே போய் நின்றுகொண்டான். அன்றைக்கு முறுக்கு வேண்டாம் என்றுவிட்டான். கோடம்பாக்கத்தில் இறங்கும்போது வழக்கமாகச் சொல்கிற "வரேன்க்கா"வும் இல்லை. இடம் போன வருத்தம் என்று நினைத்தோம்.

குமார் சும்மா இருப்பானா? எங்கிருந்தோ அந்தக் காட்சியின் படத்தைப் பிடித்து, கூடையைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு முகநூலில் ஏற்றிவிட்டான். அது எங்கெங்கோ போயிற்று. முன்பின் தெரியாதவர்கள் எல்லாம் படத்தைக் கிழித்தார்கள். குமாருக்குத் தலைகால் புரியவில்லை. "நம்ம அக்கா கண்டுபுட்ச்ச மேட்டரு, ஊரே பேசிக்கினு கீது" என்று தினமும் போனை நீட்டுவான். அக்காவுக்கும் உள்ளூரப் பெருமைதான். அத்தனை பேரும் அந்த வட்டத்துக்குள் பார்த்தோம். சிவப்பு முடிச்சு கொஞ்சம் மங்கலாகத் தெரியவும் செய்தது. கண் எதிரே அக்காவின் மடியில் அதே கூடை இருந்தது. ஒருவருக்கும் உறைக்கவில்லை.

சில மாதம் கழித்து பாபுவுக்கு ஐதராபாத்தில் வேலை கிடைத்தது. கடைசி நாள் ரயிலில்தான் சொன்னான். அந்த ரயில் காட்சி அவன் செய்தது. ஜன்னலுக்குள் இருக்கும் ஜனங்களை நிரப்பச் சொன்னபோது, தெரிந்த ரயில் இதுதானே என்று எங்களையே நினைத்து நிரப்பியிருக்கிறான். முகங்கள் எங்களுடையவை அல்ல, கூடை மட்டும் நிஜம். படம் வெளிவரும்வரை யாரிடமும் சொல்லக்கூடாது என்று ஆபீசில் கண்டிப்பு. தியேட்டரில் பெயரைக் காட்டிவிட்டு அப்புறம் கூடையைச் சொல்லலாம் என்று நினைத்தானாம்.

அக்கா கூடையை மடியில் இறுக்கிக்கொண்டார். "அடப்பாவி! அன்னிக்கே வாயத் தொறந்து சொல்லக்கூடாது?"

"நீங்க சொன்னது கரெக்டுதானேக்கா. என்னன்னு சொல்றது?"

"ஆபீஸ்ல ஏதாவது சொன்னாங்களா?"

"கொஞ்சம் திட்டினாங்க. அதெல்லாம் போச்சுக்கா."

அதற்குள் படம் தியேட்டரை விட்டுப் போயிருந்தது. "டிவில வரும் இல்ல, அப்போ பாத்துக்கறேன்" என்று அக்கா அவனிடம் வாக்குக் கொடுத்தார். பாபு அன்று "வரேன்க்கா" என்று சொல்லிவிட்டுத்தான் இறங்கினான். பிறகு கொரோனா வந்து வண்டியே நின்றது. மறுபடி ஓடியபோது குமார் பைக்குக்கு மாறியிருந்தான், அக்கா ஓய்வு பெற்றிருந்தார், எனக்கு வீட்டிலிருந்தே வேலை என்றாகிவிட்டது. ஜன்னலில் எறியக் கைக்குட்டை தேவைப்படவில்லை.

போன வாரம் அக்காவிடமிருந்து போன். "அந்தப் படம் ஓடிடில வந்துடுச்சாம்ப்பா. இந்த ரிமோட் எனக்குப் பிடிபடல. வந்து போட்டுக் குடு." என் மகன் மூலமாகவும் பார்த்திருக்கலாம், ஆனால் அக்காவோடுதான் பார்க்கவேண்டும் என்று நானும் பொறுத்திருந்தேன்.

வெங்காயத்தைத் தட்டில் கொட்டிவிட்டுக் கூடையைக் கொண்டுவந்து டிவிக்குப் பக்கத்தில் வைத்தார். ஒப்பிட்டுப் பார்க்கவேண்டுமாம். காபியும் தட்டையும் வந்தன. படத்தில் ரயில் வந்தது, ஜனங்கள் வந்தார்கள், வண்டி குலுங்கியது. ஜன்னலோரம் அந்த அம்மா. மடியில் ஓலைப் பெட்டி.

நிறுத்தினேன். பின்னால் ஓட்டி மறுபடி போட்டேன். ஓலைப் பெட்டிதான். ஊர் சிரித்தது என்று திருத்திவிட்டார்கள் போல. பார்ப்பதற்கு அந்தக் காலம் மாதிரியே இருந்தது.

அக்கா டிவியையும் கூடையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, "சரியாத்தானே பண்ணியிருக்காங்க. தப்புன்னு சொன்னதே நான்தானே" என்றார். சொல்லிவிட்டு நாற்காலியை விட்டு எழுந்து நின்றார்.

"ஏன்க்கா எழுந்துட்டீங்க?"

"தோத்தா நிக்கணும் இல்ல?"

"உக்காருங்கக்கா, முட்டி வலின்னீங்களே."

"அவன் அன்னிக்கு கோடம்பாக்கம் வரைக்கும் நின்னான்ப்பா. நீ ஓட்டு, அவன் பேரையாவது பாத்துடுவோம்."

கடைசிக்கு ஓட்டினேன். பெயர்கள் தொடங்கியதுமே அவற்றை ஒரு மூலையில் சுருக்கிவிட்டு டிவி அடுத்த படத்துக்குத் தாவப் பார்த்தது. தடுத்துப் பெரிதாக்கினேன். கிராபிக்ஸ் பகுதியில் பெயர்கள் எறும்பு வரிசை போல வந்தன. அக்கா டிவிக்கு அருகில் போய் விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தார். மூர்த்திகள், குமரன்கள், ராஜ்கள், இன்னும் யார் யாரோ. பாபு என்று யாரும் இல்லை.

"அது கூப்பிடற பேரா இருக்கும்ப்பா. அவன் முழுப்பேரு என்ன?"

எனக்குத் தெரியவில்லை. குமாருக்குப் போன் போட்டேன், "பாபுன்னாக்கா பாபுதான், இன்னா கேள்வி இது" என்றான். என் போனில் 'பாபு டிரெயின்' என்று ஒரு எண் இருந்தது. அடித்தேன், உபயோகத்தில் இல்லை என்றது.

"மறுபடி மொதல்லேர்ந்து ஓட்டு" என்றார் அக்கா. ஓட்டினேன். அவர் நின்றுகொண்டேதான் படித்தார்.