துரை சொல்லிவிட்டார்

எங்கள் தோட்டத்தில் மாரியம்மனுக்கு முன்னால் மாலை வாங்கியது ஒரு பிரம்பு நாற்காலி. கேலிக்குச் சொல்லவில்லை. சித்திரைத் திருவிழாவில் தேர் கோயிலை விட்டுக் கிளம்பினால் முதலில் ஆட்கள் குடியிருக்கும் லயத்துப் பக்கம் வராது. மேட்டில் ஏறிப் பங்களா வாசலில் போய் நிற்கும். வெள்ளைக்காரத் துரை இருந்த காலத்தில் அவர் வராந்தாவில் உட்கார்ந்திருப்பார். பூசாரி இறங்கிப் போய் அவர் கழுத்தில் முதல் மாலையைப் போட்டுவிட்டு வந்த பிறகுதான் அம்மனுக்குத் தீபாராதனை. பிறகு துரை தன் ஊருக்குப் போய்விட்டார். தோட்டம் உள்ளூர்க் கம்பெனி கைக்கு மாறியது. புது மேனேஜர் கோலசிலாங்கூர் டவுனிலேயே வீடு எடுத்துக்கொண்டதால் பங்களா பூட்டிக் கிடந்தது. வழக்கம் நின்றதா என்றால், அதுதான் இல்லை. துரை உட்கார்ந்த நாற்காலியைத் துடைத்துப் போட்டு அதன் முதுகில் மாலையைச் சாத்தினார்கள். மேளம் வேறு அடித்தார்கள்.

வெட்கம் கெட்ட கூட்டம் என்று அப்போது நினைத்தேன். இத்தனை வருஷம் கழித்தும் எனக்கு வேறு வார்த்தை கிடைக்கவில்லை.

எண்பதுகளின் நடுவில் நான் பல்கலைக்கழகத்துக்கு முந்தின ஆறாம் படிவம் முடித்த கையோடு தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் தற்காலிக ஆசிரியையாகச் சேர்ந்திருந்தேன். பரீட்சைக்கு இந்திய வரலாறு படித்தவள். வியாபாரம் பண்ண வந்தவன் வரி வசூலிக்க ஆரம்பித்தது, நெய்கிறவன் பிழைப்பில் மண்ணைப் போட்டது, பஞ்சத்தில் ஜனங்கள் செத்துக்கொண்டிருக்கும்போது தானியத்தைக் கப்பலேற்றியது, கடைசியில் சாகாமல் மிஞ்சிய ஜனங்களையும் கப்பலேற்றியது, எல்லாம் எனக்கு மனப்பாடம். அப்படிக் கப்பலேறிய சரக்கில் என் தாத்தாவும் ஒருவர். வட ஆற்காட்டிலிருந்து ஒரு கங்காணி அவரை ஓட்டிக்கொண்டு வந்து இந்த ரப்பர்ப் பால்மரக் காட்டில் விட்டான்.

அங்கே மிச்சம் இருந்தவர்கள் சீமைத் துணியைத் தெருவில் குவித்துக் கொளுத்தினார்கள், உப்பை அள்ளி அடி வாங்கினார்கள், ஜெயிலுக்குப் போனார்கள், கடைசியில் வெள்ளைக்காரனை மூட்டை கட்ட வைத்தார்கள். எங்கள் ஆட்கள் அவன் கார் தூரத்தில் வந்தாலே சைக்கிளிலிருந்து இறங்கி, செருப்பைக் கழற்றி, காருக்கு முதுகைக் காட்டாமல் நின்றார்கள். கார் போன பிறகும் கொஞ்ச நேரம் நின்றார்கள். புழுதி அடங்க வேண்டாமா!

அந்தக் கூட்டத்தில் முதல் ஆள் என் அப்பா. வாலிப வயதெல்லாம் அந்தத் துரைக்குக் கீழே பால் வெட்டியவர். "வெள்ளக்காரன் சொன்னா சொன்னதுதான். நம்மாளு மாதிரி காலைல ஒன்னு மத்தியானம் ஒன்னு பேச மாட்டான்" என்பது அவருடைய வேதம். நான் மூன்றாம் வகுப்பில் இருந்தபோது அம்மா காய்ச்சலில் செத்துப்போனாள். எந்த நோய்க்கும் ஒரே சிவப்புத் தண்ணீரை ஊற்றிக் கொடுக்கும் தோட்டத்து டிரெஸ்ஸர் அவளுக்கும் அதையே ஊற்றிக் கொடுத்திருந்தார். அடக்கத்துக்குத் துரை அப்பாவுக்கு அரைநாள் லீவு தந்தார். அப்பா அதை யாரிடம்தான் சொல்லவில்லை! "பாலு நல்லா எறங்குற நேரம். அப்பக்கூட அரநாள் வுட்டாரு, மனுசன்." அம்மா எப்படிச் செத்தாள் என்பதைவிட அந்த அரைநாள் அவருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. இதை எழுதும்போதுகூட எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அம்மாவை ஓடையோரத்து இடுகாட்டில் புதைத்தோம். தோட்டத்து ஆட்கள் எல்லோரும் அங்கேதான். அப்பா தலைமாட்டில் ஒரு செம்பருத்தி நட்டு, சுற்றிலும் செங்கல் பதித்திருந்தார். மாசம் தவறாமல் போய்ப் புல் செதுக்குவார். அதில் மட்டும் அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

நான் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த வருஷம், திருவிழாவுக்குக் கொஞ்சம் முன்னால், ஒரு காலைப் பெரட்டில், ஆபீஸ் கணக்கு எழுதும் பெரிய கிராணி அறிவித்தார். ஓடைப் பக்கத்துப் பால்மரங்களை எல்லாம் வெட்டி, எண்ணெய் எடுக்கும் செம்பனை போடப் போகிறார்கள். இடுகாடும் அதில் சேர்த்தி. வேண்டியவர்கள் ஆடி முடிவதற்குள் எலும்பைத் தோண்டி எடுத்து டவுன் இடுகாட்டுக்குக் கொண்டுபோகலாம், கம்பெனி லோரி தரும். பெரட்டு என்பது விடியுமுன்னே எல்லோரையும் ஆபீஸ் வாசலில் வரிசையாக நிறுத்தி வேலை பிரித்துக் கொடுப்பது. அத்தனை பேர் வாளியோடு நின்றிருந்தார்கள். ஒரு வாய்கூட முடியாது என்று சொல்லவில்லை. "லோரி எத்தன மணிக்கு வருமுங்க?" என்றுதான் கேட்டார்களாம்.

பெரிய கிராணி யாழ்ப்பாணத்துக்காரர். அவருடைய அப்பாவும் கிராணி, தாத்தாவும் கிராணி. பங்களாவுக்கும் லயத்துக்கும் நடுவில் அவர் வீடு. எங்களைப் பார்த்துப் பேசும்போதுகூட அவர் கண் மேட்டுப் பக்கமே இருக்கும். அன்று சாயங்காலம் அவரே எங்கள் லயத்துக்கு வந்து அப்பாவை வெளியே கூப்பிட்டார்.

"இந்த முறை திருவிழாவுக்குப் பழைய துரை வாறார். கம்பெனிப் பெரியாக்கள் எல்லாம் அவருக்குப் பழக்கம். நீரே முதல் மாலையைப் போடும். போட்டுட்டு உம்மட விஷயத்தைக் கேளும். அவர் ஒரு சொல் சொன்னால் காணும்."

கம்பெனி கைமாறியது கிராணிக்குத் தெரியாதா? பழைய பெயர்ப் பலகையைக் கழற்றிப் புதியதை மாட்டும்போது கீழே நின்று ஏணியைப் பிடித்தவரே அவர்தான். ஆனாலும் மனசார நம்பித்தான் சொன்னார். மூன்று தலைமுறையாகத் தலையாட்டிப் பழகிய கழுத்து, ஆள் மாறினாலும் பழைய பக்கம்தான் ஆடும்.

நான் அப்பாவிடம் சொன்னேன்: "அப்பா, அவரு இப்ப தொரை இல்ல. பென்சன் வாங்கிட்டு ஊர் சுத்திப் பாக்க வர்ற ஆளு."

"தொரை எப்பவும் தொரைதாம்மா."

துரை வந்தார். அரைக்கால் சட்டை, முழங்கால் வரை காலுறை, வெந்த இறால் நிறத்தில் முகம். கூட அவர் மனைவி, கழுத்தில் கேமரா. கிராணி அந்த வெயிலில் டை கட்டியிருந்தார். பங்களாவைத் திறந்து கழுவி வைத்திருந்தார்கள். தேர் மேட்டில் ஏறி நின்றது. துவைத்த சட்டையோடு அப்பா மாலையைத் தூக்கிக்கொண்டு வராந்தா படியேறினார்.

துரைக்குத் தமிழ் தெரியும் என்பதில் எங்கள் ஆட்களுக்கு அப்படி ஒரு பெருமை. வா, போ, வெட்டு, தூக்கு, வாயை மூடு, இவ்வளவுதான் அவர் தமிழ். அப்பாவை உற்றுப் பார்த்துவிட்டு, "டேய், நீ இன்னும் சாகலே?" என்றார். கூட்டம் முழுதும் சிரித்தது. எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தவர் என் அப்பா. துரை தன்னை ஞாபகம் வைத்திருக்கிறாராம்!

மாலையைப் போட்டுவிட்டு அப்பா கை கட்டிக்கொண்டு கேட்டார். "தொரைங்க, சுடுகாட்டு எடத்துலயும் செம்பன போடப் போறாங்களாம். அந்த எடத்த தொரைதான கம்ப வச்சுக் காட்டிக் குடுத்தீங்க. எம் பொஞ்சாதி அங்கதாங்க இருக்கறா. ஒரு வார்த்த சொல்லி அத மட்டும் வுடச் சொல்லணும்."

துரை எத்தனை வார்த்தை புரிந்துகொண்டாரோ தெரியாது. தலையை ஆட்டினார். "பாக்கலாம், பாக்கலாம். நீ போ" என்றார். பிறகு மனைவியின் பக்கம் சாய்ந்து ஆங்கிலத்தில் ஒன்று சொன்னார். படிக்குக் கீழே நின்ற எனக்குத் தெளிவாகக் கேட்டது. 'பார்த்தாயா, இன்னும் என்னிடமே வந்து எதையாவது கேட்கிறார்கள். குழந்தைகள் மாதிரி.' அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே அப்பாவைப் படம் எடுத்தாள்.

அதன் பிறகு துரை பங்களாவின் பின்பக்கம் போனார். அங்கே அவர் வளர்த்த நாயைப் புதைத்த இடத்தில் ஒரு சிமெண்டுக் கல் இருந்தது. கிராணி அதற்குச் சுண்ணாம்பு அடித்து வைத்திருந்தார். துரை தொப்பியைக் கழற்றி அதன்முன் சிறிது நேரம் நின்றார். சாயங்காலத்துக்குள் கார் ஏறிப் போய்விட்டார்.

அன்றிலிருந்து அப்பா நடையே மாறிவிட்டது. லயத்தில் வீடு வீடாகப் போய், "தொரை சொல்லிட்டாரு, யாரும் பயப்படாதீங்க" என்றார். பழைய நாளில் துரை 'பாக்கலாம்' என்றால் அது கிராணி காதில் விழுந்து மறுநாளே காரியம் நடக்கும், கூரைத் தகரமோ தண்ணீர்க் குழாயோ வந்துவிடும். அந்த நினைப்பில் இருந்தார். மற்றவர்கள் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டு, லோரிக்கும் சொல்லி வைத்தார்கள். அவர்கள் தாங்களாகத் துரையிடம் பேசவில்லை அல்லவா, அதனால் புத்தி கொஞ்சம் மிச்சம் இருந்தது. ஆனி மாசம் முழுக்க ஞாயிற்றுக்கிழமைகளில் குழி தோண்டினார்கள். எலும்பைக் கழுவி, வெள்ளைத் துணியில் சுற்றி, மண்பானையில் வைத்து லோரியில் ஏற்றினார்கள். அம்மாவுக்கு இரண்டு பக்கமும் இருந்தவர்கள் போய்விட்டார்கள்.

கிள்ளானில் தொழிற்சாலை வேலையில் இருந்த என் அண்ணன் ஒரு ஞாயிற்றுக்கிழமை புதுப்பானையும் மண்வெட்டியும் எடுத்துக்கொண்டு வந்தான். அப்பா அவனுக்கு முன்னால் ஓடிப்போய்ச் செங்கல் வரிசைமேல் உட்கார்ந்துகொண்டார்.

"தொரை வார்த்த குடுத்துருக்காரு. அவர நம்பாம நாம தோண்டி எடுத்துட்டோம்னா, நாளைக்கு அவரு மூஞ்சில எப்புடிடா முழிக்கறது?"

"அவரு வெமானம் ஏறிப் போயாச்சுப்பா! ஒங்க மூஞ்ச எங்க பாக்கப் போறாரு?" என்று அண்ணன் கத்தினான்.

துரை ஆங்கிலத்தில் சொன்னதை அப்போதுதான் அப்பாவிடம் சொன்னேன். ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "ஒனக்கு இங்கிலீசு தெரியும். எனக்குத் தொரைய தெரியும்."

செத்துப்போன பெண்டாட்டியைவிட, போய்விட்ட வெள்ளைக்காரனின் மனம் கோணக்கூடாது என்பது அவருக்குப் பெரிதாக இருந்தது. கப்பலில் வந்த தாத்தாவுக்குக்கூட இவ்வளவு அடிமைப் புத்தி இருந்திருக்காது, இவர் இங்கே பிறந்து வளர்ந்து தேறியவர். அண்ணன் பானையைக் கல்லில் அடித்து உடைத்துவிட்டு அடுத்த பஸ்ஸில் போனான். நான் கிராணி வீட்டுக்குப் போய்க் கேட்டேன். "துரை கம்பெனியோட கதைச்சிருப்பார், பிள்ளை. அவரிட்டப் போய்க் கேக்க ஏலுமே?" என்றார். அவர் வீட்டுக் கதவு வலைக்கு அந்தப் பக்கம் நின்றபடியே சொன்னார்.

ஆடி முடிந்தது. கெர்லிங்கிலிருந்து வந்திருந்த குத்தகைக்காரரின் புல்டோசர் ஓடையோரத்துக்கு வந்த காலையில் பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒருத்தி ஓடிவந்து சொன்னாள். நான் போய்ச் சேர்ந்தபோது மரங்கள் சாய்ந்து கிடந்தன. திறந்த குழிகளுக்கு நடுவில் அம்மாவின் செம்பருத்தி மட்டும் பூத்து நின்றது. அப்பா அதற்கு முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்றார்.

ஓட்டி வந்தவன் வெளியூர்த் தமிழ் ஆள்தான், முப்பது வயசு இருக்கும். இன்ஜினை நிறுத்திவிட்டு இறங்கி வந்தான். "ஐயா, கொஞ்சம் ஒதுங்குங்க லா. நான் கூலிக்கு வந்தவன்."

"இந்த எடத்தத் தொடக்கூடாது தம்பி. தொரை சொல்லிட்டாரு."

அவன் பயந்துதான் போனான். "அப்படியா? எங்கிட்ட யாரும் சொல்லலையே. எந்தத் தொரைங்கய்யா? பேரு சொல்லுங்க. நான் ஆபீஸ்ல கேட்டுட்டு வந்து இத மட்டும் வுட்டுர்றேன்."

அப்பா வாயைத் திறந்தார். வாலிபம் முழுதும் அந்த ஆளுக்குப் பால் வெட்டியிருந்தார், அவன் கார்ப் புழுதியை மூச்சாக இழுத்திருந்தார், அவனுக்கு மாலை போட்டிருந்தார். அவனுக்குப் பெயர் ஒன்று இருக்கும் என்று அவருக்குத் தோன்றியதே இல்லை. துரை, அவ்வளவுதான். என்னைத் திரும்பிப் பார்த்தார். இந்தியாவை ஆண்ட வெள்ளைக்காரர்களின் பெயர்களை வரிசை பிசகாமல் ஒப்பிக்கத் தெரிந்த எனக்கும், எங்களை ஆண்டவனின் பெயர் தெரியவில்லை.

"எந்தத் தொரை, ஐயா?" அவன் இன்னொரு தடவை, மரியாதையாகத்தான் கேட்டான்.

அப்பா கையை இறக்கினார். தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். யாரும் சொல்லாமலே ஓரமாகப் போய் நின்றார். நான் அவரை அடித்திருப்பேன். அவர் முகத்தைப் பார்த்திருக்காவிட்டால் அடித்திருப்பேன்.

ஓட்டுகிறவன் செங்கல் வரிசை அருகே போனான். குனிந்து மண்ணைத் தொட்டான். "மன்னிச்சிருங்கம்மா" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போய் வண்டியில் ஏறினான். அந்தத் தோட்டத்தில் ஒருவர் அவளிடம் மன்னிப்புக் கேட்டது அதுதான் முதல் தடவை.