கேபிளைப் பிடுங்கும் செங்கொடி

முதலில் இணையக் கேபிளைப் பிடுங்குகிறாள் செங்கொடி. பிறகு வைஃபையை அணைக்கிறாள். அதுவும் போதாதென்று கைப்பேசியை எவர்சில்வர் டப்பாவில் போட்டு மூடுகிறாள். "நெட்டு கீற வரிக்கும் கோடு பொய் சொல்லும்" என்பாள், தான் எழுதும் கணினி நிரலைப் பற்றி.

எம்.கே.பி. நகர்க் குடியிருப்பில் அவள் வேலை என்னவென்று அக்கம்பக்கத்தாருக்கு இன்றுவரை விளங்கவில்லை. எண்ணூரில் உள்ள ஒரு ரசாயனக் கிடங்குக்கு அவள் நிரல் எழுதுகிறாள். அங்கே மூன்று பேர் சம்மதித்தால்தான் டேங்க் வால்வு திறக்கும். திறப்பது, எவரும் தனியாகத் திருத்த முடியாத பிளாக்செயின் பதிவேட்டில் இருக்கும் ஸ்மார்ட் கான்ட்ராக்ட் என்னும் தானியங்கி ஒப்பந்தம். பாதுகாப்புக்காக அந்தக் கணினி அறையில் இணையமே கிடையாது. ஆகவே கோடுக்கு வேண்டிய சகலத்தையும், கட்டுச்சோறு போல உப்பு முதற்கொண்டு, மூட்டை கட்டி பென்டிரைவில் கொண்டுபோக வேண்டும். ஒருமுறை கேபிளைப் பிடுங்காமல் சோதித்துப் பார்த்தாள். விட்டுப்போன கோப்பை இணையம் சத்தமில்லாமல் எடுத்துக் கொடுத்துவிட்டது. எண்ணூரில் அந்தக் கோப்பு இல்லாமல் கோடு ஓடவில்லை; அசடு வழிந்தாள்.

இந்த முறை மூட்டையே வேறு மாதிரி. மூவரில் ஒருவரான பாதுகாப்பு அதிகாரி இக்னேஷியஸ் மாரடைப்பில் போய்ச் சேர்ந்துவிட்டார். டேங்குகளை நேரில் பார்த்துவிட்டுச் சம்மதம் தரவேண்டிய மனிதர், சோம்பல்பட்டு, எது வந்தாலும் 'சரி' போடும் புரோகிராம் ஒன்றை அந்த அறையில் இருந்த தம் கணினியில் எழுதி வைத்திருந்தார். அது இன்னும் 'சரி' போட்டுக்கொண்டே இருக்கிறது. எவரும் பார்க்காத டேங்குகள் திறந்துகொள்கின்றன. வால்வுக்கு அந்தப் பக்கம் ஆட்கள் நிற்கிறார்கள்.

"மன்சன் பூட்டாரு. டூட்டி மட்டும் பாத்துகினு கீறாரும்மா" என்றார் கிடங்குக் காவலாளி வேலப்பன். பயந்துகொண்டு அவர் அந்தக் கணினி அறைக்குள் வரமாட்டார்.

இக்னேஷியஸின் கணினியை அணைத்துவிடலாம்தான். ஆனால் பழைய விதியை மாற்றவும் மூவர் சம்மதம் வேண்டும். இக்னேஷியஸை நீக்க இக்னேஷியஸே ஒப்புக்கொள்ள வேண்டும்.

அவரை நீக்கும் புது விதி இருந்த மூட்டையை ஏற்றினாள். மற்ற இருவரின் சம்மதம் வந்தது. கண் இமைப்பதற்குள் வந்துவிடும் அவருடைய 'சரி' மட்டும் வரவில்லை. ஏ.சி. இரைந்துகொண்டிருந்தது. அவருடைய நாற்காலி காலியாக இருந்தது. செங்கொடிக்குப் பயமாக இருந்தது. அதைவிட, பாவமாக இருந்தது.

"அண்ணா, போதுண்ணா. வூட்டுக்குப் போங்கண்ணா" என்றாள்.

திரையில் ஒரு வரி வந்தது. 'இக்னேஷியஸ்: சரி.'

அவள் எழுந்து போய்க் கதவைத் திறந்தாள். ஒருவர் போகிற அளவுக்கு வழி விட்டு ஒதுங்கி நின்றாள்.