ஹாரன் இல்லாமல் வந்த பிரியாணி

போன ஆவணியில், முகூர்த்த நாளாக வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்தது இது. ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்து ராஜபாளையம் போகிற ரோட்டில், உச்சி வெயிலில், ஒரு பிரியாணித் தேக்சாவுக்கு முதுகைக் கொடுத்துக்கொண்டு வேனில் உட்கார்ந்திருந்தேன். எதற்காக உட்கார்ந்தேன் என்று சொன்னால்தான் மீதி புரியும்.

நான் ராஜபாளையத்தில் வண்டிகளுக்கு வயரிங் வேலை பார்க்கிறவன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நானும் பேசிப் பிரிந்துவிட்டோம். இரண்டு பேருக்கும் வருத்தம் கிடையாது. கை வேலையில் இருந்தாலும் வாய் சும்மா இருக்காது எனக்கு. பேட்டரி இறங்கிப்போன வண்டியை யாராவது தள்ளிக்கொண்டு வந்தால், "என்னண்ணே, ராத்திரி வண்டிக்குச் சோறு போடலயா" என்று கேட்டுவிட்டுத்தான் பக்கத்தில் போவேன்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு அக்கா இருக்கிறார். கல்யாண வீடுகளுக்குப் பிரியாணி செய்து கொடுப்பதுதான் அவருக்குத் தொழில். பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி ஏற்றி அலுத்துப்போன ஒரு பழைய சின்ன வேனை வாங்கி, பின் சீட்டை எல்லாம் கழற்றிவிட்டு, சட்டிகளை ஏற்றி அவரே ஓட்டுவார். கூடவே ஒரு சமையல் மாஸ்டர். பேச்சையும் உப்பு மாதிரி அளந்து போடுகிற மனுஷன்.

அந்த வேனுக்கு ஒரு நோய் வந்தது. ஓடிக்கொண்டே இருக்கும்போது சட்டென்று இன்ஜின் நின்றுவிடும். என்ன செய்தாலும் கிளம்பாது. அரை மணி நேரம் போல ஓரத்தில் நின்றால், ஒன்றுமே நடக்காத மாதிரி ஒரே சாவியில் கிளம்பிவிடும். இதனால் இரண்டு கல்யாணங்களில் பந்தி தாமதமாகிவிட்டது. இரண்டாவது கல்யாணத்தில் ஆட்கள் இலை முன்னால் உட்கார்ந்து தண்ணீரைக் குடித்துக்கொண்டு வாசலையே பார்த்திருக்கிறார்கள். மண்டபத்து மேனேஜர், இன்னொரு தடவை இப்படி ஆனால் இந்தப் பக்கமே வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அக்காவுக்கு வருகிற ஆர்டரில் பெரும்பாலும் அவர் கை காட்டி வருவதுதான்.

வேன் என்னிடம் வந்தது. கூடவே அக்காவும் மாஸ்டரும்.

"எப்பக்கா நிக்குது?"

"சட்டியோட போகும்போதுதாம்லே நிக்குது. வெறும் வண்டியா திரும்பும்போது குதிரை கணக்கா வருது."

"பிரியாணி வாசத்துக்கு வண்டிக்குத் தலை சுத்துது போலக்கா. அதுக்கும் ஒரு பிளேட்டு வச்சிட்டீங்கன்னா சரியாயிரும்."

"மொதல்ல ஒன் வாயில இருக்க ஃபியூசப் புடுங்கணும்லே" என்றார் அக்கா. மாஸ்டர் என்னவோ சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் நான் அடுத்த ஜோக்குக்குப் போய்விட்டேன்.

இந்தக் காலத்து இன்ஜினுக்கு மூளை மாதிரி ஒரு பெட்டி உண்டு. அந்தப் பெட்டிக்குக் கரண்ட் விடுகிற வாசல்காரன்தான் ரிலே. பாதித் தீப்பெட்டி அளவுதான் இருக்கும். சாவியைத் திருப்பினதும் 'டிக்' என்று ஒரு சத்தம் கொடுத்துக் கதவைத் திறந்துவிடும். அது திறக்கவில்லை என்றால் மூளைக்கும் கரண்ட் இல்லை, பெட்ரோல் பம்புக்கும் இல்லை. எனக்கு முதல் சந்தேகமே அந்த ரிலே மேல்தான். அதைத் தேடினால், முன்பக்கம் இருக்க வேண்டிய ரிலே வரிசையை யாரோ இடது பக்க முன் சீட்டின் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் மாட்டி, ரெக்சின் போட்டு மூடியிருந்தார்கள். ஸ்கூல் வேனாக ஓடிய காலத்தில் முன்பக்கம் மழைத் தண்ணீர் உள்ளே போயிருக்கும் போல. ரிலேயைக் கழற்றிச் சோதித்தேன். நன்றாக வேலை செய்தது. பிளக், ஃபில்டர், எர்த் வயர் எல்லாம் பார்த்தேன். ஒரு குறையும் இல்லை.

லோடு ஏற்றினால்தான் நிற்கிறது என்றாரே என்று, லோடு ஏற்றியும் பார்த்தேன். என் கூட்டாளிகள் நாலு பேர்தான் லோடு. மலையடிவாரத்தில் ஆற்றோரம் இருக்கிற அய்யனார் கோவிலுக்கு வேனை விட்டோம். மேட்டில் முக்காமல் முனகாமல் ஏறியது. ஆற்றில் ஆசை தீரக் குளித்துவிட்டு ஈரத் துண்டோடு திரும்பி வந்தோம். ஒரு இடத்தில்கூட நிற்கவில்லை. "வண்டி சுத்தமா இருக்குக்கா, நீங்க கிளட்ச்சப் பாத்து விடுங்க" என்று பெரிய மனுஷன் மாதிரி சொல்லி அனுப்பினேன். மறுநாள் போன் வந்தது.

"ஏலே, டெஸ்ட் பண்றேன்னு எங்கலே கொண்டுபோன? வண்டியெல்லாம் ஆத்து மணலா கெடக்கு."

"தண்ணி பட்டா நிக்குதான்னு பாத்தேங்கா."

"அப்படியா. ஞாயித்துக்கிழமை நீ எங்கூட வார. மிலிட்டரிக்காரர் வீட்டுக் கல்யாணம், ஒங்க ஊர்ல அதே மண்டபம். வண்டி நின்னா நீதான் தள்ளணும்."

"வந்தா எனக்கும் பிரியாணி உண்டாக்கா?"

"போய்ச் சேந்தா பிரியாணி. சேரலன்னா ஒன்ன வச்சுத் தம் போடுவேன்."

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் போய்ச் சேர்ந்தேன். பெண்ணின் அப்பா பட்டாளத்தில் இருந்து வந்தவர். ஒரு மணிக்குப் பந்தி என்றால் ஒரு மணிக்குக் கை சோற்றில் இருக்க வேண்டும் என்று சொல்லியிருந்தாராம். தம் போட்ட பெரிய தேக்சாவை நாலு பேர் சேர்ந்து தூக்கி வேனுக்குள் வைத்தார்கள். மாஸ்டர் அதை முன் சீட்டின் முதுகோடு ஒட்டவைத்துக் கயிற்றால் இறுக்கிக் கட்டிவிட்டுப் பின்னால் ஏறிக்கொண்டார். நான் அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

ஊரைத் தாண்டினதும் அக்கா ரோட்டைப் பார்த்தபடியே மெதுவாகச் சொன்னார். "இன்னைக்கும் பிந்துச்சுன்னா வண்டிய வித்துருவேன்டா. பழையபடி ஹோட்டல்ல வெங்காயம் உரிக்கப் போயிருவேன். அங்க யாரும் நம்மள எதிர்பாத்து வாசல்ல நிக்க மாட்டாங்க."

அதற்குச் சொல்ல என்னிடம் ஜோக் எதுவும் இல்லை. வாயைப் பூட்டினதால்தானோ என்னவோ, முதுகு சுடுவது அப்போதுதான் தெரிந்தது. அடுப்பில் சாய்ந்த மாதிரி இருந்தது. "அக்கா, தம் எனக்கா பிரியாணிக்கா" என்று கேட்கலாம் என்று நினைத்தேன். அதற்குள் வன்னியம்பட்டி விலக்கில் இன்ஜின் நின்றுவிட்டது.

அக்கா சாவியைத் திருப்பினார். ஸ்டார்ட்டர் சுற்றியது, இன்ஜின் எடுக்கவில்லை. மறுபடியும் திருப்பினார்.

"சாவிய மட்டும் போட்டு வைங்கக்கா, ஸ்டார்ட் பண்ண வேண்டாம்" என்றேன். முன்னால் எரிய வேண்டிய இன்ஜின் லைட் எரியவில்லை. டேங்க் பக்கம் கேட்க வேண்டிய பம்புச் சத்தமும் கேட்கவில்லை. மூளைப் பெட்டிக்குக் கரண்டே போகவில்லை. அப்படியென்றால் ரிலேதான். ரிலே இருப்பது சீட்டுக்குப் பின்னால். சீட்டுக்குப் பின்னால் இருப்பது தேக்சா.

குதித்து இறங்கிப் பக்கக் கதவைத் திறந்து, சீட்டுக்கும் தேக்சாவுக்கும் நடுவில் கையை விட்டேன். விரல் பொசுங்கிவிட்டது. ரெக்சினுக்கு உள்ளே ரிலே தோசைக்கல் மாதிரி காய்ந்து கிடந்தது. உள்ளே எங்கேயோ ஈயம் வைத்த பற்று லேசாக விட்டிருக்கிறது. குளிர்ந்து இருந்தால் ஒட்டிக்கொள்ளும், காய்ந்தால் விலகிக்கொள்ளும். என் பட்டறையில் அது எப்போதும் நல்ல பிள்ளையாக இருந்ததற்குக் காரணம் அதுதான். அய்யனார் கோவிலில் இருந்து அதன் பக்கத்தில் நான் ஏற்றி வந்தது ஈரத் துண்டு போட்ட நாலு தடியன்களை.

"இந்தச் சட்டிய எப்பவும் இங்கதான் வைப்பீங்களா மாஸ்டர்?"

"முன்னெல்லாம் பின்னாலதான். ஒரு நாள் பிரேக் போட்டதுல சரிஞ்சு எம்புட்டோ கொட்டிப் போச்சு. அதுக்குப் பொறவுதான் இங்கன கட்டுறது. வண்டி நிக்கதும் அப்ப இருந்துதான்."

"இத மொதல்லயே சொல்லியிருக்கலாமுல்ல?"

"நீ பேசிக்கிட்டே இருந்த" என்றார் மாஸ்டர்.

இரண்டு பேருமாகக் கயிற்றை அவிழ்த்து, தேக்சாவை ஒரு சாண் பின்னால் தள்ளிக் கட்டினோம். ரிலே ஆறும்வரை காத்திருந்தால் பந்தி போய்விடும். அந்த வரிசையிலேயே ஹாரனுக்கும் அதே மாதிரி ஒரு ரிலே உண்டு. அதுவும் காய்ந்துதான் இருந்தது, ஆனால் அதற்கு உடம்பில் குறை இல்லை. சட்டை நுனியால் பிடித்து இரண்டையும் பிடுங்கி, ஹாரனுடையதை இன்ஜினுக்கு மாட்டினேன். 'டிக்' என்றது. இன்ஜின் லைட் எரிந்தது. பின்னால் பம்பு 'ஞீ' என்று முனகியது. அக்கா என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். ஒரே சாவியில் கிளம்பியது. மாஸ்டர் ஒரு சாக்கை நனைத்து, சீட்டுக்கும் சட்டிக்கும் நடுவில் மடித்துத் திணித்தார்.

கொஞ்ச தூரம் போனதும் ஒரு ஆட்டு மந்தை குறுக்கே வந்தது. அக்கா ஹாரனை அமுக்கினார். சத்தமே இல்லை.

"ஏலே, ஹாரன் அடிக்கல."

"அடிக்காதுக்கா. அதோட ரிலேயத்தான் இன்ஜினுக்குக் குடுத்திருக்கேன். போறதா, கத்துறதா, ரெண்டுல ஒண்ணுதான் நடக்கும்."

"போறது."

"அப்பக் கத்துறத நான் பாத்துக்கிடுதேன்."

பின்னால் இருந்து மாஸ்டர் ஒரு சட்டி மூடியையும் கரண்டியையும் என் மடியில் வைத்தார். ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டித் தட்ட ஆரம்பித்தேன். ஆடுகள் அலறி ஒதுங்கின. ராஜபாளையத்துக்குள் நுழைந்தபோது முகூர்த்தக் கூட்டம் ரோட்டை அடைத்து நின்றது. நான் தட்டின தட்டில் மினிபஸ்காரரே ஒதுங்கி வழி விட்டார். ஒரு தெருமுனையில், பழைய இரும்புக்காரன் வருகிறான் என்று நினைத்து ஒரு அம்மா ஓட்டை வாளியோடு ஓடிவந்தார். முக்கில் நின்ற போலீஸ்காரர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"என்னலே இது?"

"ஹாரன் அவுட்டு சார். மிலிட்டரிக்காரர் வீட்டுப் பந்திக்குப் பிரியாணி சார்."

அவர் திரும்பி, எதிரே வந்த வண்டிகளை நிறுத்திவிட்டு எங்களைப் போகச் சொன்னார். அவரும் ஒரு பட்டாளத்து வீட்டுப் பிள்ளையாக இருக்கலாம். இல்லை, பசியாகவும் இருக்கலாம்.

மண்டபத்து வாசலில் பெண்ணின் அப்பா கடிகாரத்தைப் பார்த்தபடி விறைப்பாக நின்றார். பக்கத்தில் மேனேஜர். உள்ளே அப்போதுதான் இலை விரித்துக்கொண்டிருந்தார்கள். "நேரத்துக்கு வந்துட்டியேம்மா" என்றார் பெண்ணின் அப்பா. திட்டுவதற்குத் தயாராக வைத்திருந்தது வீணாகிப்போன மாதிரி இருந்தது அவர் முகம். மேனேஜர் அக்காவிடம், அடுத்த முகூர்த்தத்துக்கும் நாள் குறித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

தேக்சாவை இறக்கிவிட்டு அக்கா மண்டபத்துப் படியில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். துடைத்துக்கொண்டே இருந்தார். நான் வேறு பக்கம் திரும்பி நின்றேன். செத்த நேரம் கழித்து, நான் அடித்து நசுக்கின அதே மூடியில் பிரியாணி வந்தது. "கறி கூட ரெண்டு வச்சிருக்கேன், தொண்ட கட்டியிருக்கும்" என்றார் அக்கா.

மறுநாள் புது ரிலே வாங்கிப் போட்டு, அந்த வரிசையையே சூடு படாத, தண்ணீரும் படாத இடமாகப் பார்த்து முன்னால் மாற்றிவிட்டேன். இப்போது அந்த வேன் தேக்சாவோடு மதுரை வரைக்கும் போய்வருகிறது. அக்கா தன் போனில் என் பேரை 'ஹாரன்' என்று பதிந்து வைத்திருக்கிறார்.

இன்றைக்கும் வண்டி கொண்டு வருகிறவர்களைக் கிண்டல் செய்யாமல் என்னால் இருக்க முடியாது. ஆனால் ஒரு ஜோக் முடிந்ததும் வாயை மூடிக்கொண்டு, நிற்கும்போது வண்டியில் என்ன இருந்தது, எங்கே இருந்தது என்று கேட்டு, பக்கத்தில் பேசாமல் நிற்கிறவர் பேசுகிறவரைக்கும் காத்திருக்கிறேன்; அப்படிக் காத்திருக்கும்போதெல்லாம் முதுகில் அந்தத் தேக்சாவின் சூடு லேசாகப் படுகிறது.