நூற்றுப் பதினான்கு நாள் தாமதம்

நூற்றுப் பதினான்கு நாட்கள். பார்சல் கூடத்தில் ஒரு பெட்டி நான்கு மணி நேரம் தாமதமானாலே மேலாளருக்கு வியர்த்துக் கொட்டும். மின்னலுக்கு மாதவிலக்கு நூற்றுப் பதினான்கு நாட்களாக வரவில்லை. கவனித்தவர் மாமியார் ஒருவர்தான். அவரும் கவலைப்படவில்லை, கொண்டாடினார்.

"எங்கிட்டயே மறைக்கிறியாடி, கள்ளி?"

"ஒண்ணும் இல்லத்தே. மூணு தடவ டெஸ்ட் பண்ணியாச்சு."

"டெஸ்டுக்கு என்னடி தெரியும்!"

மின்னல் என்பது கூடத்தில் வைத்த பெயர். மணிக்கு நானூறு பெட்டிகளை ஸ்கேன் செய்கிற கைக்கு வேறு என்ன பெயர் வைப்பது? ஒரு வாரம் பகல், மூன்று வாரம் இரவு. கழிப்பறைக்குப் போனால் திரையில் 'வீண் நேரம்' என்று சிவப்பில் மின்னும்.

"எங்க தூங்குவீங்க?" என்று மருத்துவர் கேட்டார்.

"பஸ்ல."

"சாப்பாடு?"

"அதுவும் பஸ்லதான், டாக்டர்."

பரிசோதனைகளில் வேறு கோளாறு இல்லை. களைப்பு தாங்காமல் உடம்பு கடையைச் சாத்திவிட்டது என்றார் மருத்துவர். மூன்று மாதம் பகல் வேலை மட்டும் என்று கடிதமும் கொடுத்தார்.

மேலாளர் அக்கடிதத்தில் 'மாதவிலக்கு வரவில்லை' என்பது வரை படித்தார். அதற்குமேல் படிக்க அவருக்கு ஏது நேரம்? "வாழ்த்துகள்மா!" என்று பகல் வேலைக்கான விண்ணப்பத்தில் 'கர்ப்பம்' கட்டத்தில் டிக் அடித்தார். மின்னல் வாயைத் திறந்தார். மேலாளருக்குப் போன் வந்தது. மின்னல் வாயை மூடிக்கொண்டார்.

பகலில் வேலை, இரவில் தூக்கம், தட்டில் சாப்பாடு. இரண்டாம் மாதக் கடைசியில் மாதவிலக்கு வந்தது. கூடவே அலுவலகத்திலிருந்து கடிதமும் வந்தது: கர்ப்ப ஸ்கேன் அறிக்கை எங்கே?

"நான் கர்ப்பமே இல்ல, சார். நைட் ஷிப்ட்தான் காரணம். இப்போ சரியாயிடுச்சு," என்று மின்னல் மேலாளரிடம் சொன்னார்.

"சரியாயிடுச்சா? ரொம்ப சந்தோஷம். திங்கக்கெழம நைட்டுக்கு வந்துடுங்க."

ஓய்வறையில் இதைச் சொல்லி மின்னல் சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை.

"எனக்கு வந்து மூணு மாசமாச்சு," என்றார் பெட்டிகளுக்கு டேப் ஒட்டுகிற அக்கா.

"எனக்கு மாசத்துக்கு ரெண்டு தடவ. உங்க பங்கும் எனக்கே வருது போல," என்றார் லேபிள் ஒட்டுபவர்.

மறுநாள் மேலாளரின் மேசையில் பத்தொன்பது விண்ணப்பங்கள் இருந்தன. எல்லாவற்றிலும் 'மற்றவை' என்ற கட்டத்தில் ஒரே வாக்கியம்: இரவு வேலையால் மாதவிலக்கு முறை கெட்டுவிட்டது. இந்த முறை அவர் கடைசி வரி வரை படித்தார்.

வியாழக்கிழமை நிறுவன மருத்துவர் பத்தொன்பது பேரையும் பார்க்கிறார். அதுவரை மின்னலுக்குப் பகல் வேலை.