304-ஆம் வீட்டு ஓட்டு

இந்த வளைகுடாவில் எங்களைக் கேட்டுவிட்டுக் காசு கூட்டிய ஒரே இடம், முவைலாவில் நாங்கள் குடியிருந்த அந்த ஆறு மாடிக் கட்டிடம்தான். லிஃப்டுக்குப் பக்கத்தில் ரியல் எஸ்டேட் ஆபீஸ்காரர்கள் ஒரு காகிதம் ஒட்டியிருந்தார்கள். சாயங்காலத்திலிருந்து விடியும்வரை காவலுக்கு இன்னொரு ஆள் போடலாமா? போட்டால் ஒவ்வொரு வீட்டுக்கும் வாடகையோடு மாதம் ஐம்பது திர்ஹாம் கூடும். இருபத்துநான்கு வீட்டில் பதின்மூன்று பேர் ‘யெஸ்’ போட்டால் ஆள் வருவார்.

ஆள் தேவைதான், இல்லையென்று சொல்ல மாட்டேன். இருந்த ஒரே வாட்ச்மேன் பெஷாவர்காரர், வயசானவர். பகலெல்லாம் கார் துடைத்து, கேஸ் சிலிண்டர் தூக்கி, பொழுது சாய்ந்தால் அலுத்துப்போய்ப் படுத்துவிடுவார். அந்த மாதம் யாரோ நாலாவது மாடியில் வீடு வீடாக பெல் அடித்துவிட்டுப் போயிருந்தான். கீழே பிள்ளைகள் நிறுத்தியிருந்த இரண்டு சைக்கிள்களையும் காணோம். ஊரில் தேர்தல் வரும்போதெல்லாம் நாங்கள் இங்கே மாட்டிக்கொண்டிருப்போம்; விரலில் மை பட்டு எத்தனையோ வருஷம். அதனால் இந்த ஓட்டு வந்ததில் எல்லோருக்கும் ஒரு குஷி. எனக்கு மட்டும் இல்லை.

காரணம் என் வீட்டுக்காரர். மூன்று மாதமாக அவருக்கு வேலையில்லை. பிராஜக்ட் முடிந்தது, கம்பெனி அனுப்பிவிட்டது. அப்புறம் சவூதியில், அல் கோபாரில், ஒரு வேலை கிடைத்தது. மகள் பத்தாம் வகுப்பு, எனக்கு இங்கே பள்ளிக்கூட வேலை. அவர் மட்டும் போவது, நாங்கள் இருவரும் இங்கேயே இருப்பது என்று முடிவாயிற்று. முடிவாயிற்று என்றால், அவர் சொன்னார், நான் “சரி” என்றேன். விசா வந்தது என்றார், சரி. டிக்கெட் பார்க்கவா என்றார், சரி. கறிவேப்பிலை வாடியிருந்தால் கடைக்காரரை உண்டு இல்லையென்று பண்ணுகிறவள் நான். இதற்கு மட்டும் வாய் எழும்பவில்லை. சம்பளமில்லாத மனிதரிடம் போகாதீர்கள் என்று எந்த வாயால் சொல்வது?

காகிதம் ஒட்டிய அன்று சாப்பிடும்போது சொன்னார்: “ராத்திரிக்கு ஒரு ஆள் வந்தாத்தான் நான் போவேன். உங்க ரெண்டு பேரையும் இப்படி விட்டுட்டுப் போக முடியாது. ஆள் வரலைன்னா அந்த வேலையே வேண்டாம்னு சொல்லிடுவேன்.”

அதோடு பிரசாரத்தில் இறங்கிவிட்டார். வெங்காயம் ஒரு திர்ஹாம் குறையும் என்று ரோலா மார்க்கெட் வரைக்கும் பஸ் ஏறிப் போகிற மனுஷர், தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போய், மாதம் ஐம்பது கொடுங்கள் என்று கேட்டார். ஆறு வருஷத்தில் பக்கத்து வீட்டுக்காரர் பெயர்கூடத் தெரியாதவர். அவரைப் பார்க்க எனக்கு ஆசையாகவும் இருந்தது, பற்றிக்கொண்டும் வந்தது.

என் பள்ளிக்கூடம் வாடகையில் பாதி தருவதால் வீட்டு ஒப்பந்தம் என் பெயரில். ஆகவே ஓட்டும் எனக்குத்தான். “காலைல போறப்ப யெஸ்ல ஒரு கையெழுத்துப் போட்டுடு,” என்றார்.

“சரி.”

காலையில் காகிதத்தின் முன்னால் போய் நின்றேன். பேனாவை நூலில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். ஆள் வந்தால் இவர் போய்விடுவார். மனதில் அது ஒன்றுதான் ஓடியது. 304-க்கு நேரே ‘நோ’வில் கையெழுத்துப் போட்டேன். “கலாஸ், பாபி?” என்று வாட்ச்மேன் சிரித்தார்; முடிந்ததா அண்ணி என்கிறார். முடிந்தது என்று தலையை ஆட்டிவிட்டு, அவர் முகத்தைப் பார்க்காமல் ஸ்கூல் பஸ்ஸுக்கு ஓடினேன்.

நாலு நாள் கழித்து லிஃப்டில் ஐந்தாம் மாடி ராமநாதபுரத்துக்காரி பிடித்துக்கொண்டாள். “என்னக்கா, அண்ணன் வீடு வீடா வந்து கும்புட்டுக் கேட்டாக. சொந்த வீட்டு ஓட்டே விழல போலருக்கே?”

அப்போதுதான் உறைத்தது. காகிதம் எல்லோர் கண்ணெதிரேயும் ஒட்டியிருக்கிறது. அவர் தினமும் சாயங்காலம் அதன் முன்னால் நின்று கையெழுத்துகளை எண்ணிவிட்டு வருகிறவர். கூட நின்ற மகள் வேறு, “அம்மா, நீ ஆப்போசிஷன் பார்ட்டியா?” என்றாள். வீட்டுக்குள் நுழைந்ததும் அவளை அதட்டி அறைக்கு அனுப்பினேன்.

அவர் மகளின் யூனிஃபார்மை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார்.

“பார்த்தீங்களா?” என்றேன்.

“அன்னிக்கே பார்த்துட்டேன்.”

“அப்புறம் ஏன் ஒண்ணும் கேக்கலை?”

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். “ரெண்டு மாசமா எதைச் சொன்னாலும் சரி, சரின்னே. வேலையில்லாம வீட்ல கிடக்கறவன் போனாப் போகட்டும்னு இருக்கே போலன்னு நெனச்சேன். அந்த நோவைப் பார்த்ததும் எவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு தெரியுமா?”

எனக்கு அழுகை வந்துவிட்டது. “கிறுக்கா உங்களுக்கு? அப்படியா நெனச்சீங்க?”

“இப்ப நீ சொல்லு. கீழே பதினாலு யெஸ் விழுந்தாச்சு, ஆள் வந்துடுவான். ஆனா இந்த வீட்ல உன் ஓட்டுத்தான். போகாதீங்கன்னா போகலை.”

போகாதீர்கள் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். போக ஓர் இடம் இல்லாமல் தினமும் காலையில் ஷேவ் செய்துகொண்டு, பால்கனியில் நின்று மற்றவர்களின் கார் கிளம்புவதைப் பார்ப்பாரே, அந்த முகம் நினைவுக்கு வந்தது. அதை இன்னொரு மூன்று மாதம் பார்க்க என்னால் ஆகாது.

“போயிட்டு வாங்க,” என்றேன். “ஆனா எனக்குப் பிடிக்கலை. அதைத் தெரிஞ்சுக்கிட்டுப் போங்க. நாளைக்குக் கீழே போய் அந்த நோவை அடிச்சு யெஸ்னு மாத்திடறேன், ஊர் சிரிக்க வேண்டாம்.”

“மாத்தாதே,” என்றார். “போறதுக்கு அந்தப் பதினாலு போதும். திரும்பி வர்றதுக்கு எனக்கு உன்னோட இந்த நோ வேணும்.”